சிவந்த தோலும் மயிர் கழன்ற தோலும்: அம்பாறைக் கரையோரக் கிட்டங்கி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 ஜூன் 7ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள். அன்று தொடங்கி உழ்ஹிய்யா எனும் குர்பான் பலி கொடுக்கும் நான்கு நாளும் சேர்ந்த தோல்களை, கிழக்கிலங்கையில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட கரையோர ஊரொன்றில், பழைய அரிசி ஆலைக் கிட்டங்கியில் உப்புப் போட்டு அட்டி அடுக்கி வைத்தார்கள். தொண்ணூறுக்குக் கிட்டிய மாட்டுத்தோல். ஆட்டுத்தோல் அதைவிடக் கூட. பத்து நாளில் வருவதாகச் சொன்ன கொழும்பு லொறி மூன்று கிழமை கழித்துத்தான் வந்தது. தறப்பாளைத் தூக்கியதும் சுவரோரத்து அட்டி செங்கல் நிறத்தில் சிவந்து கிடந்தது. வந்தவர்கள் ஏற்ற மாட்டோம் என்றார்கள்.

இந்தத் தோலின் காசு ஒரு மத்ரசாவுக்குப் போக வேண்டியது. குர்பான் கொடுத்தவர் தோலை விற்றுத் தன் பையில் போடக் கூடாது, அறுத்தவருக்குக் கூலியாகவும் கொடுக்கக் கூடாது. அதனால்தான் ஊரில் பெரும்பாலானோர் அதைத் தூக்கிப் பொதுவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தவருக்குக் கடமை முடிந்துவிடும். வாங்கி வைத்தவர்களுக்கு அங்கிருந்துதான் வேலை தொடங்கும். தோல் பதனிடும் தொழிலில் இருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன்.

எல்லாரும் பார்த்த சிவப்பு

நான் போன நேரம் தோலைச் சேர்த்து வைத்த நிர்வாகத்தார் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். உப்புப் பிழை, உப்புப் போட்ட பொடியன்மார் பிழை, சிவந்ததெல்லாம் புதைத்துவிட்டு, நிறம் மாறாததை லொறியில் ஏற்றுவது. பொடியன்மார் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் மெல்லக் கேட்டான், “ரத்தமா சேர் இது?”

“ரத்தமெண்டா இவ்வளவு நாளைக்குக் கறுத்திருக்கும் தம்பி.”

சிவப்பு இறைச்சிப் பக்கத்தில்தான் இருந்தது. ஓர் இடத்தில் சாமன் மீன் நிறம், இன்னோர் இடத்தில் செங்கல் நிறம், தொட்டால் விரலில் வழுக்கும். கத்தியின் முதுகால் வழித்துப் பார்த்தேன். பரப்பில் இருந்த வழுவழுப்பு போனதும் கீழே தோல் வெள்ளையாகவும் இறுக்கமாகவும் இருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் நிறம் உள்ளே இறங்கி, பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மயிர்ப் பக்கம் திருப்பி இழுத்தால் மயிர் அசையவில்லை.

அதே நேரம் லொறியோடு வந்தவர் கதவோரத்து அட்டியில் கை வைத்தார். யாரும் குறை சொல்லாத அட்டி அது. நிறம் சரி, உப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது, பெரிய வாடையும் இல்லை. வயிற்றோரத்தில் ஒரு பிடி மயிரை இரண்டு விரலால் பிடித்தார். இழுக்கவே இல்லை, வந்துவிட்டது, வேரோடு. மயிர் இருந்த இடம் எண்ணெய் பூசியதுபோல் வெளிறி மினுங்கியது.

“இஞ்ச பாருங்க காக்கா, மயிரு கையோட வருது. இத நான் கொண்டு போனா முதலாளி என்னயத்தான் ஏசுவார்.”

புதைக்க எடுத்து வைத்த தோல் காப்பாற்றக் கூடியது, ஏற்ற எடுத்து வைத்த தோலில் பாதிக்கு மேல் கெட்டது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஏன் அப்படி என்பதுதான் மிச்ச வேலை.

காட்போட் மட்டை

பொடியன்மார் செய்த ஒரு நல்ல காரியம் இந்த ஆய்வுக்கு உயிர் கொடுத்தது. ஒவ்வொரு நாள் தோலையும் தனித்தனி அட்டியாக அடுக்கி, நாளை காட்போட் மட்டையில் எழுதிச் செருகியிருந்தார்கள். கதவோரம் முதல் நாள். நடுவில் இரண்டாம் நாள். மேற்குச் சுவரோரம் மூன்றாம், நான்காம் நாள். வியாபாரத்தில் ஊறிய கடைகளிலும் இந்த ஒழுங்கைக் காண்பது குறைவு.

மட்டைகளை வைத்துக்கொண்டு விசாரித்தால் கதை தானாகப் பிரிந்தது. மயிர் கழன்றதெல்லாம் முதல் நாள் தோல். சிவந்ததெல்லாம் கடைசி இரண்டு நாள் தோல். இரண்டாம் நாள் அட்டியில் ஓரங்களில் கத்திக் கீறலைத் தவிரச் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. ஒரே கூரை, ஒரே ஆட்கள், ஒரே முறை. உப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் சேதம் இப்படி இரண்டாகப் பிரிந்திருக்காது.

முதல் நாள் என்ன நடந்தது? பெருநாள் தொழுகை முடிந்து காலையிலேயே அறுப்பு. ஊரில் இருந்த பட்டா லொறியும் முச்சக்கர வண்டிகளும் இறைச்சிப் பங்கீட்டில் ஓடின. தோலை உரித்தவர்கள் அதைச் சுருட்டி யூரியாப் பையிலும் பொலித்தீன் பையிலும் கட்டி, கிணற்றடியிலும் மதிலோரத்திலும் போட்டுவிட்டுப் போனார்கள். வாகனம் வந்து சேர்த்தது பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு. உப்பு விழும்போது பொழுது பட்டுவிட்டது. காலையில் உரித்த தோல் ஏழெட்டு மணித்தியாலம் சூடு ஆறாமல், காற்றுப் படாமல், கச்சான் காற்றின் வெக்கையில் பைக்குள் கிடந்திருக்கிறது.

உரித்த கையோடு ஒரு தோலின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். விலங்கின் சூடு இன்னும் இருக்கிறது, இரத்தமும் சாணியும் ஒட்டியிருக்கிறது. பாக்டீரியாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெப்ப நாடுகளில் மூன்று நான்கு மணித்தியாலத்துக்குள் உப்புப் படவேண்டும் என்பது தொழிலில் பழைய விதி. அது தாண்டினால் முதலில் தாக்கப்படுவது மயிர்க்கால்களைச் சுற்றியுள்ள மென்மையான படை. பதனிட்ட பிறகு தோலின் அழகெல்லாம் இருக்கும் கிரெய்ன் எனும் மேற்படையும் அங்கேதான். பிறகு எவ்வளவு நல்ல உப்பை எவ்வளவு அள்ளிப் போட்டாலும், அழுகல் அந்த இடத்தில் நிற்குமே தவிர, போனது திரும்பாது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கும்போதுதான் மேற்படை அரித்துப் போயிருப்பது தெரியவரும்.

இரண்டாம் நாளிலிருந்து இறைச்சி ஓட்டம் குறைந்தது, வாகனம் கிடைத்தது, தோல் உடனுக்குடன் வந்தது. ஆக, பிந்திச் சிவந்துபோன மூன்றாம் நான்காம் நாள் தோல்கள்தான் கிட்டங்கிக்குள் வரும்போது மிகவும் புதிதாக வந்தவை.

உப்பு வந்த வழி

அந்த ஆண்டு நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு. பருவம் தவறிப் பெய்த மழையால் புத்தளம் பக்கத்து உப்பளங்களில் விளைச்சல் கெட்டு, இந்தியாவிலிருந்து இறக்கும் நிலை வந்தது யாவரும் அறிந்ததே. சமையலுக்கே உப்புப் பக்கற்றைத் தேடித் திரிந்த நேரத்தில் தோலுக்கு மூட்டைக் கணக்கில் கல்லுப்பு எங்கே எடுப்பது? வாங்கி வைத்தது இரண்டாம் நாள் மாலையோடு முடிந்தது. கிட்டங்கி மூலையில் முந்திய பெருநாளுக்குப் பாவித்துக் கூட்டி அள்ளிய உப்பு, பழுப்பு நிறத்தில், பைகளில் கட்டிக் கிடந்தது. அதைக் கொட்டினார்கள். மேற்குச் சுவர் சிவந்ததற்குக் காரணம் அந்தப் பைகள்.

உப்பில் ஒன்றும் உயிர் வாழாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உப்பில் மட்டுமே வாழும் உயிர்கள் இருக்கின்றன. ஹேலோபாக்டீரியம் முதலான இந்த நுண்ணுயிர்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதத்துக்கு மேல் உப்பு வேண்டும். குறைந்தால் வெடித்துச் செத்துவிடும். வெயிலில் விளையும் உப்போடு இவை இயல்பாகவே வரும். உப்புப் பாத்திகள் அறுவடைக்கு முன் இளஞ்சிவப்பாக மாறுவதும் பெரும்பாலும் இவற்றால்தான். புதிய உப்பில் கொஞ்சம் இருக்கும். ஒருமுறை தோலில் கிடந்து புரதமும் ஈரமும் உண்ட உப்பில் அது பெருகிப்போய் இருக்கும். பழைய உப்பைக் கொட்டுவது புதுத் தோலுக்கு உறை குத்துவதற்குச் சமம்.

அடுத்தது வெப்பம். இவை நன்றாகப் பெருகுவது 37 பாகைக்கு மேல். தகரக் கூரை, பின்னேர வெயில் முழுக்க விழும் மேற்குச் சுவர், அதன்மேல் காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டிய தறப்பாள். அட்டியோ நெஞ்சளவு உயரம். நடுவில் கையை நுழைத்தால் வெதுவெதுப்பு. லொறி சொன்ன நாளில் வந்திருந்தால் இளஞ்சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கும். மூன்று கிழமை அதற்குத் தாராளமான நேரம்.

சிவப்பு என்பது அந்த நுண்ணுயிரின் நிறமே. தொடக்கத்தில் பரப்போடு நிற்கும். விட்டு வைத்தால் அதன் நொதிகள் நார்களைத் தின்று தோலைத் தளர்த்திவிடும். அதனால் சிவப்பைக் கண்டு “நிறந்தானே” என்று விடுவதும் பிழை, அன்று நிர்வாகம் செய்யப் பார்த்ததுபோல் குழி வெட்டுவதும் பிழை.

எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு போட வேண்டும்

நம்மூர்ப் பட்டி மாடு சிறியது. தோல் சராசரியாகப் பதினான்கு கிலோ என்று வையுங்கள். அதில் ஒன்பது கிலோ அளவில் தண்ணீர். நூறு கிராம் தண்ணீர் முப்பத்தாறு கிராம் உப்பைத்தான் கரைக்கும். எனவே அந்தத் தண்ணீர் முழுவதும் நிறைவடைய மூன்றேகால் கிலோ உப்பு உள்ளே போயாக வேண்டும். பொடியன்மார் போட்டது தோலுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ. கணக்குக் கிட்டத்தட்டச் சரிபோலத் தோன்றும். ஆனால் போட்ட உப்பெல்லாம் உள்ளே போவதில்லை. ஒரு பங்கு தோலிலிருந்து வடியும் நீரோடு தரைக்குப் போய்விடும், ஒரு பங்கு கரையாமல் மேலே நிற்கும். அதனால்தான் தோலின் எடையில் நூற்றுக்கு நாற்பது என்று தொழிலில் சொல்வது. பதினான்கு கிலோத் தோலுக்கு ஐந்தரைக் கிலோ.

குருணியின் அளவும் பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் வரை நல்லது. பெரிய கல் உருண்டு பள்ளத்தில் சேரும், மேட்டில் தோல் வெறுமையாய்க் கிடக்கும். மாவாக அரைத்தது வடிநீரோடு சட்டென ஓடிவிடும். இந்தக் கிட்டங்கியில் கல் பெரிது. கழுத்து, கால் முனை, மடிப்பு ஆகிய இடங்களில் உப்பே படாத திட்டுகளை எங்கும் கண்டேன். இரண்டாம் நாள் அட்டி தப்பியது உப்புச் சரியாக இருந்ததால் என்று நான் சொல்ல மாட்டேன். தோல் புதிதாகவும் உப்புப் புதிதாகவும் இருந்ததால், அளவுக் குறைவைத் தாங்கிக்கொண்டது.

செய்த வேலை

முதலில் எல்லாத் தோலையும் விரித்துத் தரம் பிரித்தோம். மயிர் கழன்றவற்றை ஒரு பக்கம் போட்டு, லொறிக்காரரோடு பேசி, அடிமாட்டு விலைக்கு ஏற்றிவிட்டார்கள். நாற்றம் எழுந்த சில மட்டும் ஆழக் குழி வெட்டிப் புதைக்கப்பட்டன. சிவந்தவற்றின் பழைய உப்பை உதறிக் கொட்டி, கட்டைத் தூரிகையால் வழுவழுப்பை வழித்து, புது உப்போடு சலவைச் சோடா கலந்து, நூறு கிலோ உப்புக்கு இரண்டு கிலோ சோடா கணக்கில், மறுபடி போட்டோம். புது உப்புக்கு நிர்வாகத்தின் பெரியவர் ஒருவர் தன் சொந்தக் காசில் பொறுப்பெடுத்தார். அவர்தான் காலையில் புதைக்கச் சொன்னவரும்.

அட்டி இடம் மாறியது. மேற்குச் சுவரை விட்டுக் கிழக்கே, தரையில் மரத் தட்டுப் போட்டு, நடுப்பக்கம் சற்று உயர்த்தி நீர் வெளியே வடியும்படி, இடுப்பளவுக்கு மேல் போகாமல். இறைச்சிப் பக்கம் மேலே, மயிர்ப் பக்கம் கீழே. ஆணி, தகரத் துண்டு, துருப்பிடித்த கம்பி எதுவும் தோலில் முட்டாமல் பார்த்தோம். இரும்புக்கறை பட்ட இடம் மரப்பட்டைச் சாற்றில் பதனிடும்போது நீலக் கறுப்பாக ஊறும், போகவே போகாது. இரண்டாவது முறை வந்த லொறி சிவந்த தோல்களில் பெரும்பாலானதைத் தரம் குறைத்து எடுத்துக்கொண்டது. புதைத்திருந்தால் ஒரு சதமும் வந்திராது.

தரம் பிரிக்கும்போது கண்ட இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல உப்பில் நல்ல நேரத்தில் வந்த தோலிலும், பின் தொடைக்கு மேலே, தோலின் விலை மிகக் கூடிய இடத்தில், கை அகலத்துக்கு எழுத்தெழுத்தாகச் சூடு வைத்த குறி. மட்டக்களப்பு, அம்பாறைப் பட்டிகளில் களவுக்குப் பயந்து குறி சுடுவது பரம்பரை வழக்கம்; மேய்ச்சல் தரையில் நூறு மாட்டுக்குள் தன் மாட்டை வேறெப்படிப் பிரிப்பது என்று பட்டிக்காரர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தாடையிலோ காலின் கீழ்ப்பகுதியிலோ சிறிதாகச் சுடலாம் என்று மட்டும் சொல்லலாம். கிட்டங்கியில் எவ்வளவு பாடுபட்டாலும் அந்த எழுத்து அழியாது.

ஆட்டுத்தோல்: வேறு வழக்கு

ஆட்டுத்தோலுக்கு லொறிக்காரர் வைத்த விலை உப்புச் செலவுக்கே காணாது. அதனால் ஒரு பகுதியை உப்புப் போடாமல் காய வைத்திருந்தார்கள், றபான் எனும் கைப்பறை, மத்தளம், பறை கட்டுபவர்களுக்குக் கொடுக்கலாம் என்று. எண்ணம் நல்லது. வாத்தியம் கட்டுபவருக்கு உப்புத்தோல் ஆகாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், வாடைக்காற்று தொடங்கினால் தோல் தொய்ந்து சத்தம் செத்துப்போகும்.

காய வைத்த விதம்தான் கெடுத்தது. தகரத்தின் மேல் நேர் வெயிலில் விரித்திருந்தார்கள். ஈரத்தோல் 60 பாகையைத் தாண்டினால் அதன் நார் சுருங்கிப் பசையாகத் தொடங்கும். ஜூன் மாத நடுப்பகலில் இங்கே தகரத்தில் கை வைத்துப் பாருங்கள். அவ்வளவு சூடேறாத தோல்களிலும் வெளிப்பக்கம் சட்டெனக் காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே ஈரம் அடைபட்டு அழுகியது. பார்வைக்கு நன்றாய் இறுகிக் காய்ந்த தோல். வாங்கிப் பார்க்க மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த மேளம் கட்டும் முதியவர், ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் நடுவே கொப்புளம் எழும்பி இரண்டு படையாகப் பிரிந்தது.

“மறுகா இதக் கட்டினா ரெண்டு அடியில கிழியும் மகன். நிழல்ல கட்டிக் காய வெச்சிருந்தா மழைக்கும் நிண்டிருக்கும்.”

அவர் சொன்னதுதான் முறை. நான்கு பக்கமும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நிழலில், காற்றோட்டத்தில், தரையில் படாமல். மடித்த இடம் எதுவும் இருக்கக் கூடாது.

தப்பிய ஆட்டுத்தோல்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி மரப் பரணில் வைத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்தால் பழுப்பு மயிர் போர்த்திய புழுக்கள், அவை கழற்றிப்போட்ட சட்டைகள், மரத்தூள்போல எச்சம். டெர்மெஸ்டிஸ் இனத் தோல் வண்டு. அதற்குப் பிடித்தது காய்ந்த தோல். கொழுப்பும் இறைச்சித் துணுக்கும் ஒட்டியிருந்தால் இன்னும் பிரியம். வண்டு கறுப்பு, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, ஆளைக் கண்டதும் ஓடி மறையும். தின்பதில் பெரும்பங்கு புழுதான். கூட்டுப்புழுவாகும் காலம் வந்ததும் பக்கத்து மரத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். எனவே தோலைத் தட்டித் துப்புரவு செய்து அதே பரணில் திருப்பி வைப்பது வீண் வேலை. நம் வெக்கையில் முட்டையிலிருந்து வண்டாக ஒன்றரை மாதம் போதும்.

பழைய காலத்தில் ஆசனிக் நஞ்சுக் கரைசலில் தோய்த்தார்கள். இன்று அதை யாரும் நினைக்கவும் கூடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தெளிப்போமா என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகள் கையால் அடிக்கப்போகும் றபானுக்கு அந்தத் தோல் போகும் என்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது. செய்யக் கூடியது இவ்வளவுதான்: உரித்த அன்றே கொழுப்பையும் சவ்வையும் சுத்தமாக வழிப்பது, நன்றாக உலர்த்துவது, கட்டாக அடைக்காமல் கம்பியில் தொங்கவிடுவது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டுவது. ஆட்குறைவான இடத்தில் இது நடக்காது என்றால் காய வைக்காமல் ஈரமாகவே கொடுத்துவிடலாம்.

உப்புநீர் எங்கே போகிறது

இந்த நிகழ்வில் யாரும் முறையிடாத சேதம் ஒன்று உண்டு. கரையோர ஊர்கள் மணலில் இருக்கின்றன. கிணறு ஆழமில்லை, சில முழத்திலேயே நன்னீர், அதற்குக் கீழே கடல்நீர். கிட்டங்கியின் பின்பக்கம் உப்புநீர் வடிந்த இடத்தில் புல் கருகி ஒரு வட்டம் இருந்தது, அங்கிருந்து அடுத்த வீட்டுக் கிணறு தூரமில்லை. அந்த வீட்டு உம்மாவிடம் கேட்டேன். தேத்தண்ணி கொஞ்ச நாளாக ஒரு மாதிரி, கடல் ஏறுகுது போல எண்டு நினைச்சம் என்றார்.

நிர்வாகம் இப்போது ஒத்துக்கொண்டவை: பெருநாளன்று தோலுக்கென்று தனியாக ஒரு வாகனம், அறுப்பு நடக்கும் இடங்களில் பொலித்தீன் பைக்குப் பதிலாகத் தோலை விரித்து ஆறப்போட நிழலில் ஒரு கயிறு, உரித்த இடத்திலேயே முதல் கை உப்பு, உப்பைப் பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி வைப்பது, பாவித்த உப்பைத் திரும்ப எடுக்காதிருப்பது. தரையைச் சீமெந்து பூசி, வடிநீரைத் தொட்டியொன்றில் பிடித்து வெயிலில் வற்றவிடுவது பற்றிப் பேச்சு நடந்தது. அதற்கான காசு தோல் வருமானத்தில் எடுக்கலாமா, அது மத்ரசாவின் பங்கல்லவா என்று கேள்வி எழும்ப, மார்க்க அறிஞரான ஹஸ்ரத்திடம் கேட்டுச் சொல்வதாகக் கலைந்தார்கள். உதறிய பழைய உப்பு இன்னும் பைகளில் கட்டியபடி அதே மூலையில் இருக்கிறது.